நூல் நிலையமும் இணையமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் கண்டு மகிழ வந்திருக்கும் இவ்வவையில், அவற்றிற்கிடையே அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் காலங்கழித்து வரும் எம்மைப் போன்ற எழுத்தர் ஒருவர்க்கு விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவக்கூடும். விஞ்ஞானத்தைக் கற்பிக்க யாம் முன்வரவில்லை. விஞ்ஞானச் செய்தியை எங்கே தேடுவது, எவ்வாறு தேடுவது, தேடிக் கண்டதை எவ்வளவு நம்புவது என்பவற்றையே பேச விழைகின்றோம். தேடுதல் எழுத்தரின் அன்றாடத் தொழில். அத் தொழிலில் பெற்ற பழக்கம் ஒன்றே எமக்குள்ள தகுதி என்று கொள்ளுங்கள்.

இப் பொருளை இன்று எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்து நூல் நிலைய அறையை ஒழித்து, அவ்விடத்தை வேறு பணிக்குப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து செயற்குழுவில் எழுந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். வரும் பொதுக்குழுவில் அது முடிவு செய்யப்படும். “எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது அலமாரிகள் எதற்கு?” என்பார் ஒரு சாரார். “இணையத்தில் வருவதெல்லாம் பொய், புத்தகத்தில் உள்ளதே மெய்” என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நம் அன்பர்களே. ஆயினும் இரண்டு கூற்றும் முழு உண்மை ஆகா என்பதே எமது துணிபு. அதற்கான சான்றுகளை முறையே எடுத்துரைப்போம்.

பழைய வழி

விஞ்ஞான அறிவு என்பது ஒருவர் ஒரு நாளில் எழுதி முடிக்கும் பொருள் அன்று. உலகெங்கும் உள்ள அறிஞர்கள் தாம் கண்டவற்றைச் சிறு சிறு கட்டுரைகளாக எழுதி, ஆய்வேடுகளில் வெளியிடுகின்றனர். இலண்டன் நகரில் 1665ஆம் ஆண்டு தொடங்கிய அரச கழகத்தின் ஏடு இன்றும் வெளிவருகின்றது. அன்று முதல் இன்று வரை பெருகிய கட்டுரைகள் கடல் மணல் போன்றவை. அம் மணலில் நமக்கு வேண்டிய ஒரு மணியை எவ்வாறு எடுப்பது?

முற்காலத்தார் அதற்குக் கண்ட வழி அட்டவணை. இரசாயனத் துறையில் வெளியாகும் கட்டுரைகளையெல்லாம் திரட்டிச் சுருக்கமும் அட்டவணையும் தரும் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்னும் தொகுப்பு 1907இல் தொடங்கிற்று. மருத்துவத் துறைக்கோ ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் பட்டியல் 1879 முதலே இருந்தது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு பொருளைப் பற்றி அறிய வேண்டின், ஆண்டு ஆண்டாகத் தடித்த தொகுதிகளை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிச் செல்வார். வேண்டிய கட்டுரையின் பெயர் கிடைத்தபின் அவ்வேடு எந்த ஊரில் உள்ளது என்று தேடுவார். தம் ஊரில் இல்லையேல் படி எடுத்து அனுப்புமாறு எழுதுவார். இப் பணிக்கென்றே 1952இல் தில்லியில் ‘இன்ஸ்டாக்’ என்னும் தேசிய விஞ்ஞானத் தகவல் நிலையம் நிறுவப்பட்டது. கட்டுரைகளைப் படி எடுத்து அனுப்புவதும், பிற மொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தருவதும் அதன் தொண்டுகள். 2002இலும் 2021இலும் அது பிற நிறுவனங்களோடு இணைந்து புதுப் பெயர்கள் பெற்றது.

இவ்விடத்தில் நம் தமிழ்நாடு உலகுக்கு அளித்த ஒரு பெரியாரை நினைவு கூர்தல் கடமை. சீகாழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். இலண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்று திரும்பினார். நூலகத்தின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் என்னும் தமது பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்கு அவரது முயற்சி பெருங்காரணம். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதும், படிப்பவரின் காலம் வீணாகக் கூடாது என்பதும் அவர்தம் விதிகளின் சாரம். கணித ஆசிரியர் ஆதலின், நூலை எண்ணால் அளந்து இடங்கண்டார் போலும்!

நமக்கு அண்மையிலும் பெருஞ்செல்வம் ஒன்று உள்ளது. நம் கரக்பூரிலிருந்து ஏறத்தாழ 115 கிலோ மீட்டர் தொலைவில் ஹவுரா. அங்கிருந்து சிறிது தொலைவில் அலிப்பூர். அங்கே பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் 1953 முதல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டுள்ள தேசிய நூலகத்தில் தமிழ்ப் பிரிவும் உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் சேர்த்து வைத்த நூற்றொகுதியும் அங்கேதான் உள்ளது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அந் நூலகத்தைச் சேர வேண்டும். ஹவுரா செல்லும் உள்ளூர் வண்டியில் நம்மவர் எத்தனையோ முறை ஏறியிருக்கின்றனர். அவ்வாயிலில் நுழைந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

புதிய வழி

இனி இணையத்தின் பெருமையைக் கூறுவோம். அதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மை ஆகும். இன்று நாம் வலை என வழங்கும் அமைப்பை 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ என்பார் முன்மொழிந்தார். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றி வந்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் தம் குறிப்புகளை எளிதில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கம். ஆகவே வணிகத்திற்கும் கேளிக்கைக்கும் முன்னரே, விஞ்ஞானச் செய்தியைத் தேடுவதற்காகவே பிறந்தது வலை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் கிடைத்தது.

இயற்பியல், கணிதத் துறைகளின் கட்டுரைகளை அச்சேறுமுன்னரே எவரும் இலவசமாகப் படிக்குமாறு வைக்கும் ‘ஆர்க்கைவ்’ 1991இல் தோன்றியது. மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான ‘பப்மெட்’ 1997 முதல் உலகோர் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்து விடப்பட்டது. முன்னர்க் கூறிய இரசாயனத் தொகுப்பு 2009ஆம் ஆண்டோடு அச்சிடுதலை நிறுத்திவிட்டு முழுதும் கணிப்பொறிக்கு மாறிவிட்டது. வாரக்கணக்கில் விரலால் தடவித் தேடியதை இன்று நிமிடத்தில் காணலாம். தபாலில் வருமோ வாராதோ என்று காத்திருந்த கட்டுரை கண்ணெதிரே விரிகின்றது.

நம் ஊருக்கே பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1951இல் ஹிஜ்லி சிறை முகாமின் கட்டடத்தில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமே, ‘இந்திய தேசிய மின் நூலக’த்தை உருவாக்கி நடத்தி வருகின்றது. 2018 ஜூன் 19ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பள்ளிப் பாடநூல் முதல் ஆராய்ச்சியுரை வரை, கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு தேடலாம். நம் குடியிருப்பிலிருந்து மிதிவண்டியில் செல்லும் தொலைவில் இருந்துகொண்டு நாடு முழுவதற்கும் நூல் வழங்கும் அந் நிறுவனத்தை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர்?

இங்கே ஒரு தடையையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் எல்லாம் இலவசம் என்பது மயக்கம். பல ஆய்வேடுகளின் கட்டுரைச் சுருக்கம் மட்டுமே நமக்குத் தெரியும்; முழுக் கட்டுரையையும் படிக்கப் பணம் கேட்பார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்படி, ஏறத்தாழ 13,000 ஏடுகளை அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவரும் ஆசிரியரும் படிக்கலாம். மிக நல்ல திட்டம். ஆயினும் அக் கல்லூரிகளைச் சேராத நம் போன்ற குடும்பத்தார்க்கு அக் கதவு இன்னும் திறக்கவில்லை. பல வேளைகளில் கட்டுரையாசிரியரே தம் கட்டுரையின் படியை வேறோரிடத்தில் இலவசமாக வைத்திருப்பார். அன்றி, அடக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் மகிழ்ந்து அனுப்புவார். இது பலர்க்குத் தெரியாத எளிய வழி.

அலமாரியில் உறங்கிய எச்சரிக்கை

இணையம் ஒன்றே போதும் என்பார்க்கு ஒரு துயர வரலாற்றைச் சொல்லுவோம். அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் புகழ்பெற்ற மருத்துவ நிலையம். அங்கே 2001ஆம் ஆண்டில் மூச்சிரைப்பு நோய் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயற்ற தொண்டர் சிலர், ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தைச் சுவாசித்தனர். அம் மருந்து 1950களில் இரத்தக் கொதிப்பிற்கு வழங்கப்பட்டுப் பின்னர் வழக்கொழிந்தது. சுவாசித்தவருள் ஓர் இளம் பெண்மணிக்கு நுரையீரல் பழுதுற்றது. அவ்வாண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார்.

ஆய்வை நடத்தியவர் தேடாமல் இருக்கவில்லை. பப்மெட் பட்டியலில் தேடினார், பாடநூல்களையும் பார்த்தார். ஆனால் அக்காலத்தில் பப்மெட் 1966ஆம் ஆண்டு வரையே பின்னோக்கிச் சென்றது. அம் மருந்து நுரையீரலுக்கு ஊறு விளைத்தமை பற்றிய குறிப்புகளோ 1950களின் ஏடுகளில் இருந்தன. அவற்றைக் காட்டும் பழைய அச்சுப் பட்டியல்கள் நூலக அலமாரிகளில் இருந்தன. அவற்றைப் பார்த்திருந்தால் அவ்வுயிர் பிழைத்திருக்கும் என்று நாம் உறுதி கூற இயலாது. எனினும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும், தேடிய கண்ணுக்கு அது எட்டவில்லை என்பது மட்டும் உண்மை. அமெரிக்க அரசு அப் பல்கலைக்கழகத்தில் மனிதர் மீது நடந்து வந்த, அரசுப் பணம் பெற்ற ஆய்வுகளைச் சில காலம் நிறுத்தி வைத்தது. அப் பட்டியலும் பின்னர் 1940களின் நடுப்பகுதி வரை பின்னோக்கி விரிவாக்கப்பட்டது.

நம் இரயில்வே அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாதையில் பழுது உண்டு என்று எழுதிய எச்சரிக்கைத் தாள் நிலையத்திலேயே கிடந்து, வண்டி ஓட்டுநர் கையில் சேராமற் போனால் என்ன ஆகும்? எழுதி வைத்தல் வேறு. வேண்டியவர் வேண்டிய நேரத்தில் காணுமாறு செய்தல் வேறு. தேடுவோர் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இதுவே: எந்தப் பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது எந்த ஆண்டில் தொடங்குகின்றது, எவ்வகை ஏடுகளை உட்கொள்கின்றது என்று கேட்டறிந்த பின்னரே, ‘தேடினோம், ஒன்றும் இல்லை’ என்று கூறலாம்.

ஒட்டப்படாத திருத்தச் சீட்டு

இதனால் புத்தகமே வென்றது என்று முடிவு கட்டிவிட வேண்டா. மறுபுறத்தையும் காண்போம்.

‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கில மருத்துவ ஏட்டில் 1998ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றிற்கும் இடும் தடுப்பூசிக்கும், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்னும் ஐயத்தை அது கிளப்பிற்று. பன்னிரண்டே குழந்தைகளைக் கொண்டு எழுதிய கட்டுரை அது. பெற்றோர் பலர் அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்தனர். பின்னர் வெவ்வேறு நாடுகளில் பல இலட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. 2010இல் அவ்வேடே அக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1998ஆம் ஆண்டின் கட்டுமானம் செய்த தொகுதி நூலக அலமாரியில் இருக்கின்றது. அதனைத் திறந்து படிப்பவர்க்கு அக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பதை அந்தத் தாள் சொல்லாது. அவ்வேட்டின் இணையப் பக்கத்திலோ, ‘திரும்பப் பெறப்பட்டது’ என்னும் சொல் கட்டுரையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இங்கே நம்மைக் காப்பது இணையம்.

நம் அலுவலகத்தில் விதி நூல்களுக்கு வாரியத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் வருகின்றன அல்லவா? ‘கரெக்‌ஷன் ஸ்லிப்’ என்று நாம் வழங்கும் அச் சீட்டுகளை உரிய பக்கத்தில் ஒட்டாத விதி நூல், நூல் இல்லாமையினும் கேடானது. ஏனெனில் நூல் இல்லையேல் கேட்டுச் செய்வோம். பழைய விதி கையில் இருந்தாலோ துணிந்து தவறு செய்வோம். அச்சிட்ட விஞ்ஞான நூலும் அத்தகையதே. 2006க்கு முன் அச்சான நூல்களில் கிரகங்கள் ஒன்பது. அவ்வாண்டு சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகுத்த பின்னர் எட்டு.

ஆனால் இணையத்தில் மட்டும் எல்லாச் சீட்டும் ஒட்டப்பட்டுவிடுகின்றனவா? அதுவும் இல்லை. நம் ஊர்ப் பெருமையையே எடுத்துக்கொள்வோம். உலகின் மிக நீண்ட நடைமேடை கரக்பூரில் உள்ளது என்று நாம் பள்ளியில் படித்தோம். நீளம் 1,072.5 மீட்டர். 2013இல் கோரக்பூர் 1,366 மீட்டரோடு முந்திற்று. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டரோடு அதனையும் முந்திற்று. ஆயினும் இன்றும் இணையத்தில் தேடினால் மூன்று ஊர்களுக்கும் அப் பட்டத்தைச் சூட்டும் பக்கங்கள் கிடைக்கும். நூலிலேனும் அச்சிட்ட ஆண்டு முதற் பக்கத்திலேயே நின்று, ‘யான் பழையவன்’ என்று அறிவிக்கும். ஆண்டு குறிக்கப்படாத இணையப் பக்கமோ என்றும் இளமையோடு நின்று ஏமாற்றும்.

சொல்லைத் தேடுதலும் பொருளைத் தேடுதலும்

தேடுபொறி சொல்லைத் தேடுகின்றது; நூலகர் பொருளைத் தேடுகின்றார். இவ்வேறுபாடு தமிழர்க்கு மிக முக்கியமானது. சர்க்கரை நோய் என்கின்றோம், நீரிழிவு என்கின்றோம், பழைய வைத்திய நூல்கள் மதுமேகம் என்கின்றன. பிராணவாயு என்று ஒரு தலைமுறை படித்தது; உயிர்வளி என்று மற்றொன்று எழுதியது; ஆக்சிஜன் என்று இன்றைய பாடநூல் சொல்லுகின்றது. ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுவார்க்கு மற்றச் சொற்களால் எழுதப்பட்டவை தப்பிப் போதல் எளிது. இன்றைய தேடுபொறிகள் ஒத்த சொற்களைச் சிறிது சிறிதாக அறிந்து வருகின்றன. எனினும் தமிழில் அத் திறன் ஆங்கிலத்தில் உள்ள அளவிற்கு இல்லை. நூலகத்திலோ அந்நூல்கள் யாவும் பெயர் எதுவாயினும் ஒரே எண்ணின்கீழ் ஓரிடத்தில் நிற்கும். 1876இல் டூயி என்பார் வகுத்த முறையில் 530 என்றால் இயற்பியல், 540 என்றால் இரசாயனம். மொழி வேறாயினும் எண் ஒன்றே. ஆகவே நம் பிள்ளைகள் ஒரு பொருளைத் தேடும்போது, அதற்குரிய பழைய பெயர், புதிய பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு தேடத் தொடங்குதல் வேண்டும்.

இப் பெயர்களை எங்கே அறிவது? 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள் உடையது. அதில் கண்ட விஞ்ஞானம் இன்று பழையது ஆகியிருக்கலாம். மனிதன் நிலவில் கால் வைத்த 1969க்கு முன்னரே அது முற்றுப்பெற்றுவிட்டது. ஆயினும் எந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் வழங்கிற்று என்பதற்கு அதைவிடச் சிறந்த துணை அரிது. அதன் பக்கங்களைத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின் நூலகத்தில் இன்று இலவசமாகக் காணலாம். பழைய நூலுக்குப் புதிய இணையம் வாழ்வு தருகின்றது என்பதற்கு இதுவே சான்று.

தேடாமற் கிடைப்பவை

அலமாரிக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒன்றைத் தேடச் சென்றவர்க்கு அதனருகே வேறொன்று கிடைப்பது. கணித மேதை இராமானுசன் அவர்கள் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் நம்மைப் போல் எழுத்தராய் அமர்ந்தவர். கும்பகோணத்தில் பள்ளி மாணவராய் இருந்தபோது, கார் என்பார் தொகுத்த கணித வாய்பாட்டு நூல் ஒன்று நூலகத்திலிருந்து இரவலாக அவர் கைக்கு வந்ததே அவர்தம் அறிவுக் கனலை மூட்டிற்று. அவர் மறைந்தது 1920இல். அவர் இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் எங்கே என்று உலகம் அறியவில்லை. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் ரென் நூலகத்தில், மறைந்த பேராசிரியர் வாட்சனின் தாள்கள் அடங்கிய பெட்டியைப் பார்வையிட்டார். அதனுள்ளே இராமானுசனின் கையெழுத்துத் தாள்கள் இருந்தன, நூற்றுக்கணக்கான வாய்பாடுகள்! ‘காணாமற்போன குறிப்பேடு’ என்று அதற்குப் பெயர் வந்தது. உண்மையில் அது காணாமற் போகவில்லை. நூலகம் அதனைப் பேணி வைத்திருந்தது. அதன் அருமை அறிந்த ஒருவர் வந்து திறக்கும் வரை அது காத்திருந்தது. பெட்டியைப் பேணியவர் இல்லையேல் ஆண்ட்ரூஸ் என்ன செய்திருப்பார்?

நம் குடியிருப்பில்

பெரியோர்களே! பால்டிமோரும் கேம்பிரிட்ஜும் நமக்குத் தொலைவு. நம் தெருவுக்கே வருவோம். நம் குடியிருப்பில் நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர், கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை நம்பி, ஓர் இலையின் சாற்றை அருந்திக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். ‘வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்’ என்று அச் செய்தி கூறிற்று. எந்த விஞ்ஞானி, எந்த ஏடு, எந்த ஆண்டு என்பன அதில் இல்லை. மூன்று வாரத்தில் அவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நல்லூழால் பிழைத்தார். கல்லூரியில் பயிலும் அவர்தம் பெயர்த்தி பொறுமையோடு தேடி அவ்வாய்வின் மூலக் கட்டுரையைக் கண்டாள். ஆய்வு மெய்யானதே. ஆனால் அது எலிகளின் மீது சில வாரங்கள் நடந்த ஆய்வு. மனிதர் மாத்திரையை நிறுத்தலாம் என்று கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. நோயுண்டாக்கிய இணையத்திலேயே மருந்தும் இருந்தது. ஆனால் எடுத்துக் கொடுக்க ஒரு பயின்ற கை வேண்டியிருந்தது.

இத்தகைய செய்தி வரும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து. சொன்னவர் யார்? எந்த ஏட்டில் வெளியாயிற்று? எந்த ஆண்டு? எவர் மீது, எத்தனை பேர் மீது சோதித்தனர்? பின்னர் அது திருத்தப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா? இவ்வைந்திற்கும் விடை கிடைக்காத செய்தியை அடுத்த வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு. விடை கிடைத்தாலும், மருந்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு இறுதி முதல், கேட்ட வினாவிற்கு அழகிய நடையில் விடை தொடுத்துத் தரும் கணிப்பொறிகளும் வந்துவிட்டன. அவற்றால் நன்மை உண்டு. ஆயினும் அவை சில வேளை இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஏட்டின் பெயரும் ஆண்டும் படைத்துத் தந்துவிடுகின்றன. அவை தரும் மேற்கோளை நூலகப் பட்டியலில் சரிபார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும். இரசீதைக் காணாமல் தொகையைக் கணக்கில் ஏற்றும் எழுத்தர் நம்மில் உண்டோ?

செய்யத்தக்கது என்ன?

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இணையத்தில் விஞ்ஞானச் செய்திக்கு நம்பத்தக்க இடங்கள் எவை? பப்மெட்டை நடத்துவது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம். நம் தேசிய மின் நூலகத்தின் பெயரே நூலகம். கலைக்களஞ்சியம் கிடைப்பதும் ஒரு மின் நூலகத்தில். நூலகர் ஒழுங்கு செய்த இடத்தில் இணையம் சிறக்கின்றது. ஒழுங்கு இல்லாத இடத்தில் இணையம் மட்டுமன்று, நூல் நிலையமும் குப்பைதான். ஆகவே இரண்டிற்கும் பகை இல்லை.

எனவே பொதுக்குழுவின் முன் எமது வேண்டுகோள் இது. நூல் நிலைய அறையை ஒழிக்க வேண்டா. ஆனால் இன்றுள்ளவாறே பூட்டி வைக்கவும் வேண்டா. முதலாவது, அலமாரியில் உள்ள பழைய மருத்துவ, விஞ்ஞானக் கையேடுகளைத் தனியே பிரித்து, அச்சிட்ட ஆண்டைப் பெரிய எழுத்தில் முதுகில் ஒட்டுவோம், பயனற்றவற்றை நீக்குவோம். இரண்டாவது, அதே அறையில் இணையத் தொடர்புடன் ஒரு கணிப்பொறி வைப்போம். மூன்றாவது, ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் முறைவைத்து அங்கே அமரட்டும். கைப்பேசியில் வந்த செய்தியைக் கொண்டுவரும் பெரியவர்க்கு, அந்த ஐந்து வினாக்களையும் கேட்டு, மூலத்தைத் தேடிக் காட்டட்டும். நான்காவது, ஆண்டுக்கு இருமுறையேனும் மாணவர்களை அலிப்பூர் தேசிய நூலகத்திற்கு அழைத்துச் செல்வோம். மாலையில் அதே அறையில் இசை வகுப்பு நடக்கட்டும். வீணையின் ஒலியால் புத்தகங்களுக்கு ஒரு தீங்கும் நேராது.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அலமாரிகள் உள்ளன, அறை உள்ளது, பிள்ளைகளும் உள்ளனர். இல்லாதது ஒரு முடிவு மட்டுமே. தமிழ்நாட்டினின்று வேலை தேடி இந்த இரும்புப் பாதை வழியே வந்த நம் முன்னோர், கூலியில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கிய பொதுச்சொத்து புத்தக அலமாரி என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் விட்டுச்சென்ற அறையைத் திறந்து வைத்து, தேடும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வோமாக. பொதுக்குழு நாளில் மறவாது வந்து உங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!